உடம்புவலி செட்

பிப்ரவரி 3

டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. முகத்தில் இன்னும் காலேஜ் களை போகவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, "வலது இடுப்பு மூட்டு போயிடுச்சு சார். தொடை எலும்போட தலைப் பகுதிக்கு ரத்தம் போறது நின்னு ரொம்ப நாளாச்சு. எலும்பு செத்துருச்சு. மாத்தித்தான் ஆகணும்" என்றான். பல்பை மாற்றச் சொல்வது போலச் சொன்னான்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடமாகக் கோவில்பட்டியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு நாளைக்கு நூறு நோயாளியைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். அதை அவனிடம் சொல்லவில்லை.

"குடிப்பீங்களா?" என்றான். இல்லை என்றேன். நம்பாமல் என் மனைவி வடிவைப் பார்த்தான். "தொடவே மாட்டாக" என்றாள். அது உண்மை.

"ஸ்டீராய்டு மாத்திரை எதாவது சாப்பிட்டீங்களா? மூச்சிரைப்புக்கு, மூட்டுவலிக்கு?"

இல்லை என்றேன். இந்தக் கேள்விக்கு அவன் வடிவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்குத் தெரியாது.

"என்ன தொழில்?"

"பலசரக்குக் கடை."

மதுரையிலிருந்து திரும்பி வரும்போது காரில் வடிவு கேட்டாள், ஏன் அப்படிச் சொன்னீக என்று. மெடிக்கல் ஷாப்காரன் என்றால் டாக்டர்களுக்கு ஆகாது, அதனால்தான் என்றேன். நம்பினாள். எதைச் சொன்னாலும் நம்புவாள்.

பிப்ரவரி 6

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். விழுந்தவனைப் பார்க்க வரும் கூட்டம் ஓயவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி ஒரே கேள்வி கேட்கிறார்கள். "இந்த வயசுலயா?" எந்த வயதில் செய்தால் இவர்களுக்குச் சம்மதம் என்று தெரியவில்லை. என் பெரியப்பா மகன், அவனுக்குத் தெரிந்த ஒருத்தர் இதே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை என்பதை ஆப்பிளைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னான். கடைசியில் விசாரித்தால், அவர் செய்துகொண்டது கண் ஆபரேஷனாம்.

கக்கூஸை மாற்ற ஆள் வந்தான். குத்தவைத்து உட்கார்ந்து எழும் பழக்கம் இனிமேல் இல்லை. உயரமான கோப்பையைப் பொருத்திவிட்டு, "எங்க ஆச்சிக்கும் இதத்தான் வச்சேன் அண்ணாச்சி" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 10

இரண்டு மாதம் கடையை வடிவுதான் பார்க்க வேண்டும். இன்று முழுக்க அவளுக்குப் பாடம்.

டாக்டர் சீட்டோடு வருகிறவன் பிரச்சினை இல்லை. சீட்டில் உள்ளதை எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் டாக்டரிடம் போவதே இல்லை. நேரே கவுண்டருக்கு வந்து, "அண்ணாச்சி, உடம்புவலிக்கு ஒரு செட் குடுங்க" என்பார்கள். அட்டையிலிருந்து மாத்திரைகளைத் தனித்தனியாக வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொல்லிக் கொடுப்பேன். அவ்வளவுதான் வைத்தியம். எது என்ன மாத்திரை என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்தால் ஏன் என்னிடம் வருகிறான்?

வடிவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் செட், சளி செட், உடம்புவலி செட். உடம்புவலி செட்டில் வலி மாத்திரை ஒன்று, வாயு மாத்திரை ஒன்று, சத்து மாத்திரை ஒன்று, கடைசியில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை.

"இது எதுக்கு? இம்புட்டுக்காணு இருக்கு."

"அது இல்லேன்னா மத்தது வேலை செய்யாது."

பொய் இல்லை. அதைப் போட்டால் மறுநாள் எழுந்து ஓடுவான். ஓடிவந்து, "அண்ணாச்சி கைராசியே தனி" என்பான். கைராசியாம். பதினான்கு வருடமாக இந்த முட்டாள்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உறையை ஒரு தடவையும் பிரித்துப் பார்த்ததில்லை.

எனக்கும் நின்று நின்று முதுகுவலி. ஆறு வருடமாகக் காலையில் டீயோடு இரண்டு போடுகிறேன். சின்னதுதான்.

பிப்ரவரி 17

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாகிவிட்டது. அறையில் கூட இருப்பவர் எழுபத்தொரு வயதுக்காரர். அவருக்கும் இதே ஆபரேஷன். "தம்பி யாருக்குத் துணையா வந்திருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

பிப்ரவரி 18

நாளைக்கு.

பிப்ரவரி 21

இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போக வைக்கிறார்கள். காதை மரத்துப்போக வைக்க ஆளில்லை. சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆசாரி வேலை. நடுவில் திடீரென்று பேச்சுச் சத்தம் கூடியது. "பிரஷர் இறங்குது, இறங்குது" என்று ஒரு பெண் குரல். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒன்றும் தெரியாது.

இன்று காலையில் டாக்டர் வந்தான். வடிவை வெளியே காப்பி குடிக்கப் போகச் சொன்னான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சார், டேபிள்ல உங்க பிரஷர் படுத்துருச்சு. ரத்தம் அவ்வளவு போகல. ஸ்டீராய்டு ஊசி போட்டோம், உடனே ஏறிருச்சு. ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்புதான் இப்படிப் பண்ணும். இப்பவாவது சொல்லுங்க. நீங்க சொல்லாததுனால முந்தாநேத்து டேபிள்லயே செத்திருப்பீங்க."

சொன்னேன்.

"எத்தனை வருஷம்?"

"ஆறு."

"எந்த டாக்டர் எழுதுனது?"

"டாக்டர் இல்ல. மெடிக்கல் ஷாப்ல."

அவன் முகம் மாறியது. "அதான பாத்தேன். இதுதான் சார் உங்க மூட்டத் தின்னுருக்கு. எந்தக் கடை? பேரச் சொல்லுங்க. இவனுங்களையெல்லாம் உள்ள தள்ளணும். படிச்சிருக்கான்ல, தெரியும்ல அவனுக்கு? தெரிஞ்சே குடுக்குறான். ஊர்ல பாவப்பட்டவன் இடுப்பையெல்லாம் ஒடச்சு இவன் வீடு கட்டுறான். த்தூ!"

பேர் ஞாபகம் இல்லை என்றேன்.

பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். மாத்திரையை நிறுத்த வேண்டும், ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். "ஒரேயடியா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, புரியுதா?" என்று எனக்கே சொன்னான். மருந்துப் படிப்பில் நான் இரண்டாம் வருடத்தில் படித்த பாடம் அது. புரிகிறது என்று தலையாட்டினேன். இடது இடுப்பு இன்னும் தப்பித்திருக்கிறதாம். அதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றான்.

பிப்ரவரி 22

வாக்கரைப் பிடித்துப் பதினோரு அடி நடந்தேன். எழுபத்தொரு வயதுக்காரர் இருபது அடி நடந்துவிட்டு, என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

பிப்ரவரி 26

வீடு. தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. குனிந்து செருப்பு எடுக்கக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. வடிவு எல்லாவற்றையும் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கீழே மாத்திரைக் கணக்கு. இந்த வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் முக்கால், அப்புறம் அரை. காலையில் அவளே எடுத்துத் தருகிறாள். பிளேடால் வெட்டிக் கால் கால் பங்காகப் பிரித்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள்.

இது கடையில் கொடுக்கும் அதே மாத்திரை என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு கம்பெனி அட்டை, வேறு நிறம். தெரியாதவர்களுக்கு நிறம்தான் மருந்து.

மார்ச் 4

தையல் பிரித்தாகிவிட்டது. கால் தூக்கும் பயிற்சி காலையில் இருபது, மாலையில் இருபது. வடிவு எண்ணுகிறாள். பதினேழுக்குப் பிறகு பதினாறு என்கிறாள், நான் ஏமாந்து கூட ஒன்று செய்வேனாம்.

மார்ச் 9

ராமுத்தாய் வந்தாள். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். இருபத்தொன்பது வயது இருக்கும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை. நாலு வருடமாக நம் கடை வாடிக்கை, உடம்புவலி செட். ஊரில் எல்லோரும் ஆப்பிள் கொண்டுவந்தால் இவள் உடைந்த கடலைமிட்டாய் ஒரு கிலோ கொண்டுவந்தாள்.

நாற்காலி இருக்கிறது, உட்கார் என்றால் கேட்கவில்லை. "உங்க முன்னால நாக்காலில உக்காரவா?" என்று தரையில் உட்கார்ந்துகொண்டாள். மரியாதையாம்.

"சீக்கிரம் கடைக்கு வந்துருங்க அண்ணாச்சி. அக்காவும் நல்லாத்தான் குடுக்காக. ஆனா நீங்க குடுத்தாத்தான் கேக்கும். அந்த மாத்திரை ஒண்ணாலதான் நான் நடமாடுறேன். இப்பல்லாம் ஒரு செட்டு பத்த மாட்டேங்குது. ரெண்டு போட்டாத்தான் வேலைக்குப் போக முடியுது."

போகும்போது எழுந்தாள். தரையில் கையை ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்து எழுந்தாள். நின்றதும் உடனே நடக்கவில்லை. இடது காலை ஊன்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"எங்க வலிக்கி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தொடை இடுக்குல அண்ணாச்சி. உள்ளுக்குள்ள. செல நேரம் முட்டி வரைக்கும் இழுக்கும்."

எனக்கு ஆரம்பித்ததும் அங்கேதான்.

"வாயுவா இருக்கும்" என்றேன். "கெழங்கு சாப்பிடாத."

"சரிங்கண்ணாச்சி" என்று கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் ஜனம். இவர்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

மார்ச் 10

காலை இருபது. மாலை இருபது. நாற்பது அடி நடந்தேன். மாத்திரை ஒன்று.

மார்ச் 11

அதே.

மார்ச் 13

ராமுத்தாய் எவ்வளவு வாங்குகிறாள் என்று வடிவிடம் சும்மா கேட்டேன். தினம் இரண்டு செட், சில நாள் மூன்று என்றாள். ஏன் மூன்று கொடுத்தாய் என்று கத்தினேன். "நீங்க தாள்ல எழுதி வச்சதத்தான் குடுக்கேன். கேட்டா குடுன்னுதான சொன்னீக?" என்றாள். அவள் இப்படித் திருப்பிக் கேட்பது இல்லை. கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு வாய் நீண்டுவிட்டது.

மார்ச் 15

வடிவிடம் சொன்னேன், நாளையிலிருந்து செட்டில் அந்தச் சின்ன வெள்ளையைப் போட வேண்டாம் என்று.

"ஏன்?"

"கம்பெனில சரக்கு வரல. கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லு."

"டப்பா நெறைய இருக்கே."

"சொன்னதச் செய்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் போய்விட்டாள். ஒருவழியாக முடித்தாகிவிட்டது. யாருக்கும் எதையும் விளக்க வேண்டிய அவசியமில்லை. விளக்கினால் ஊரே என் வாசலில் வந்து நிற்கும், லைசென்ஸ் போகும். இதில் யாருக்கு என்ன லாபம்?

என் மாத்திரை இப்போது முக்காலுக்கு இறங்கிவிட்டது. கிறுகிறுப்பு இல்லை.

மார்ச் 18

கடையில் ஒரே புகாராம். அண்ணாச்சி மாத்திரை மாதிரி இல்லை என்கிறார்களாம். அண்ணாச்சி கால் போனதோடு ராசியும் போச்சு என்று ஒருத்தன் சொன்னதாக வடிவு சொன்னாள். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் இதே செட்தான் கொடுப்பான், எனக்குத் தெரியும். போகட்டும்.

"ராமுத்தாயும் அங்கதான் போறாளா?"

"அவ போகல. நம்ம கடைய விட்டு வேற கடை மாத்திரை அவளுக்குச் சேராதாம். அண்ணாச்சி வந்து குடுக்கட்டும், அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்னா."

என்ன பிறவியோ. எதிர்க்கடைக்குப் போய்த் தொலைந்திருக்கலாம்.

மார்ச் 19

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினேன். தெருமுனை வரை நடந்தேன். மூன்று பேர் "இந்த வயசுலயா" என்றார்கள்.

ராமுத்தாய்க்கு ஒரு சொல் சொல்லி அனுப்பலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது? குறைத்துக் குறைத்து நிறுத்து என்றால், ஏன் என்பாள். இல்லை, எதையும் கேட்காமல் செய்வாள், எனக்குத் தெரியும். அவள் கேட்க மாட்டாள், ஆனால் அவள் புருஷன் கேட்பான். நாலு நாள்தான் ஆகிறது. ஒன்றும் ஆகாது.

மார்ச் 22

பயிற்சி செய்யவில்லை.

மார்ச் 24

மத்தியானம் வடிவு கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். ராமுத்தாய் கம்பெனியில் மயங்கி விழுந்துவிட்டாளாம். மூன்று நாளாக வாந்தி, சோறு இறங்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை, அப்படியும் வேலைக்குப் போயிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டிரிப் ஏறுகிறது, பிரஷர் ஏற மாட்டேன் என்கிறதாம்.

வடிவு உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டைக்கு முன்னால் போய் நின்றாள். முக்கால், அரை என்று தான் எழுதியதைப் படித்தாள். பிறகு என் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு மாத்திரையை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க. இதுவும் அந்தச் சின்ன வெள்ளையும் ஒண்ணா?"

டப்பாவை வாங்கக் கை நீட்டினேன்.

"உங்களுக்கு மட்டும் பிளேடு வச்சு வெட்டி வெட்டிக் குடுத்தேன். அவளுக்கு ஸ்டாக் இல்லன்னு சொன்னேன்" என்றாள். அழவில்லை. "எந்திரிங்க. நான் ஆட்டோ கூட்டிட்டு வாரேன்."

இந்த வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்துவிட்டது.

மார்ச் 25

எழுதிவிடுகிறேன்.

வார்டில் இருந்தது ஒரு பெண் டாக்டர். இளவயதுதான். "நீங்க யாரு, அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். வழியெல்லாம் நான் ஒரு பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். தெரிந்தவர், பக்கத்துத் தெரு, இந்த மாதிரி ஒரு மாத்திரை சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று. வடிவு பின்னால் நின்றாள். அவள் என்னைத் தொடக்கூட இல்லை, ஆனால் நின்றாள்.

"நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். இந்தப் பொண்ணுக்கு நாலு வருஷமா ஸ்டீராய்டு குடுத்திருக்கேன். கடைசில ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு மாத்திரை. பதினாறாம் தேதி திடீர்னு நிறுத்திட்டேன்."

அவர் ஒன்றும் திட்டவில்லை. மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நர்ஸைக் கூப்பிட்டு ஊசி சொன்னார். ஒரு மணி நேரத்தில் பிரஷர் ஏறியது.

அதற்குப் பிறகுதான் என்னிடம் திரும்பி வந்தார். "இன்னும் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

"பேர் எழுதித் தரேன்."

"நான் புகார் எழுதணும். தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

மார்ச் 27

வடிவு நோட்டுப் போட்டு, வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய் வருகிறாள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், ஏற்கெனவே நிறுத்தியிருந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், அவர்கள் சொல்கிறபடி குறையுங்கள் என்று சொல்கிறாளாம். எதிர்க்கடைக்குப் போனவர்களையும் விடவில்லை. இரண்டு வீட்டில் அவளை உள்ளேயே விடவில்லை. ஒரு வீட்டில், இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், அண்ணாச்சி தங்கமான மனுஷன், நீ போ என்று அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

கடை பூட்டிக் கிடக்கிறது. மருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 30

ராமுத்தாயைப் பார்க்கப் போனேன். வடிவு வரவில்லை. நீங்க போயிட்டு வாங்க என்றாள்.

எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "வாங்கண்ணாச்சி, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், உயரம் பத்தாது. சிஸ்டர், அந்த நாக்காலிய இவுகளுக்குப் போடுங்க" என்றாள். என் கால்மீது அவளுக்கு இருந்த அக்கறை எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்தேன்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். இடது மூட்டு என்னுடையதைப் போலவேதான். மாற்றித்தான் ஆக வேண்டும். வலது மூட்டை ஒருவேளை காப்பாற்றலாம்.

"டாக்டரம்மா சொன்னாக" என்றாள். "மாத்திரைதான் காரணம்னாக. எனக்கு வெளங்கல. உங்களுக்கும் அந்த மாத்திரையாலதான் இப்படி ஆச்சாம்லா, அக்கா சொன்னாக. நீங்களே சாப்பிட்டிருக்கீகன்னா உங்களுக்கும் தெரியாமத்தான இருந்திருக்கும்? நான் டாக்டரம்மாட்ட அதத்தான் சொன்னேன். எங்க அண்ணாச்சி தெரிஞ்சு செய்யிற ஆளு இல்லன்னு."

அவள் ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிவாள். நான் பிழைத்துக்கொள்வேன்.

"தெரியும்" என்றேன்.

"என்ன?"

"நீ வீட்டுக்கு வந்த அன்னைக்கு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிலேயே சொல்லிட்டாங்க. நீ எந்திரிச்சதப் பாத்ததும் உன் மூட்டும் போச்சுன்னு தெரிஞ்சுது."

போர்வையை இழுத்து இடது காலை மூடினாள்.

"வாயுன்னு சொன்னீக."

"ஆமா."

"அக்கா ஸ்டாக் இல்லன்னாக."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னும் தெரியுமா?"

"தெரியும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ராமுத்தாய் அழுவாள், கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள். நாலு வருடமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள், அவளுக்கு இப்படியும் பார்க்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தரையில் ஊர்வதைப் பார்ப்பது போல இருந்தது.

பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், இந்த ஆள வெளிய போகச் சொல்லுங்க."

உடனே எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இந்த இடுப்போடு உடனே எழ முடியாது. முதலில் நாற்காலி நுனிக்கு நகர வேண்டும். வலது காலை முன்னால் நீட்டி வைக்க வேண்டும். குனியாமல் இரண்டு கையையும் ஊன்றி, இடது காலில் பாரத்தைப் போட்டு, மெதுவாக எழ வேண்டும். முதல் தடவை முடியவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கைத்தடி கீழே விழுந்தது. என்னால் குனிந்து எடுக்க முடியாது. வார்டில் ஒருத்தரும் எழுந்து வந்து எடுத்துக் கொடுக்கவில்லை. அவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.